ஹவாயின் மரப்பெரணி ஹாப்புஉ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரணிகளில் ஈடுபாடுள்ள நண்பர்களோடு பேசும்போதும், ஹவாய்க்குப் போய்வந்தவர்கள் எடுத்த படங்களைப் பார்க்கும்போதும், அங்குள்ள மரப்பெரணியைப் பற்றி ஒரே வகையான ஐயங்களையே பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைப் பதிலாக எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஹாப்புஉ என்பது மரமா, பெரணியா? பெயரை எப்படி உச்சரிப்பது?

அது பெரணிதான். பூக்காது, காய்க்காது, விதை தராது. இலையின் அடிப்புறத்தில் உருவாகும் தூள் போன்ற வித்துகளால்தான் பெருகும். ஆனால் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் அடிமரமும், அதன் உச்சியில் குடை விரித்தாற்போல் 2 மீட்டருக்கும் மேல் நீளும் இலைகளும் இருப்பதால், பார்ப்பவர்கள் அதை மரம் என்றே எண்ணிவிடுகிறார்கள். அந்த அடிமரத்தில் உண்மையான தண்டு உள்ளே ஒல்லியாகவே இருக்கும். அதைச் சுற்றிக் கீழ்நோக்கி இறங்கும் கறுத்த வேர்களின் அடர்ந்த பின்னல்தான் அதற்குப் பருமனைத் தருகிறது. ஆலின் விழுதுகள் தொங்காமல் தண்டோடு ஒட்டியே இறங்கினால் எப்படி இருக்குமோ, ஏறத்தாழ அப்படி.

ஹவாய் மொழியில் "ஹாப்பு" என்று சொல்லி, தொண்டையில் ஒரு கணம் நிறுத்தி, "உ" என்று முடிக்க வேண்டும். அந்த நிறுத்தம் அம்மொழியில் ஒரு மெய்யெழுத்தாகவே கருதப்படுகிறது. அதே பெயரில் ஒரு கடல் மீனும் உண்டு என்பதால், மீனவர்களிடம் கேட்கும்போது இடமறிந்து கேட்பது நல்லது.

ஹவாய்க்கு வெளியே இது வளர்வதில்லையா?

ஹாப்புஉ என்று அழைக்கப்படும் இனங்கள் இயற்கையாக ஹவாய்த் தீவுகளில் மட்டுமே வளர்கின்றன. அவை சிபோட்டியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. அப்பேரினத்தின் பிற இனங்கள் தென்கிழக்கு ஆசியாவிலும் சீனாவிலும் மெக்சிகோ, நடு அமெரிக்கா ஆகிய பகுதிகளிலும் உள்ளன. நடுக்கடலில் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான தீவுகளுக்கு இதன் மூதாதை எப்படிச் சென்றது என்று கேட்பவர்கள் உண்டு. காற்றில் நெடுந்தொலைவு மிதந்து செல்லக்கூடிய வித்துகளே அதற்கு விடை.

பெருந்தீவில் கீலவேயா எரிமலையின் ஈரமான பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள காடுகளில் இதை மிகச் செழிப்பாகக் காணலாம். அங்கே மேல்தளத்தில் ஓஹியா மரங்கள் நிற்க, அவற்றின் நிழலில் இரண்டாம் தளமாக ஹாப்புஉ அடர்ந்திருக்கும்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மரம்போல நிற்கும் பெரணிகளைப் பார்த்திருக்கிறேன். இதுவும் அதுவும் ஒன்றுதானே?

தோற்றத்தில் நெருக்கமானவை என்றாலும் ஒன்றல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளிலும் இலங்கையின் நுவரெலியாப் பகுதியிலும் இயற்கையாக உள்ள மரப்பெரணிகள் சயாத்தியா குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இளந்தளிரையும் காம்பின் அடியையும் தட்டையான செதில்கள் மூடியிருக்கும். ஹாப்புஉவில் செதில் கிடையாது, உரோமம்தான் இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கீழே வரும் பல கேள்விகளுக்கு அதுவே திறவுகோல்.

இலையைத் திருப்பிப் பார்த்தும் அறியலாம். ஹாப்புஉவின் வித்துப்பைத் திரள்கள் சிற்றிலையின் விளிம்பிலேயே, இரண்டு இதழ்களாகத் திறக்கும் சிறு சிமிழ் போன்ற உறைக்குள் அமைந்திருக்கும். நம் மலைகளின் மரப்பெரணிகளில் அவை விளிம்பை விட்டு உள்ளே தள்ளி, உருண்டைப் புள்ளிகளாக இருக்கும்.

ஹாப்புஉவிலேயே பல வகை உண்டு என்கிறார்களே?

ஹவாய்க்கே உரிய சிபோட்டியம் இனங்கள் நான்கு எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவற்றில் இரண்டைத்தான் மக்கள் அதிகம் பேசுகிறார்கள். காம்பின் அடியில் மென்மையான பொன்னிற உரோமமும், இலையின் அடிப்புறத்தில் நீறு பூசியது போன்ற வெளிறிய நிறமும் இருந்தால் அது "ஹாப்புஉ பூலு". காம்பு நெடுகக் கருஞ்சிவப்பு நிறத்தில் முரட்டு மயிர்கள் அடர்ந்து, இலையின் அடிப்புறம் பச்சையாகவே இருந்தால் அது "ஹாப்புஉ இஇ". நான்கிலும் உயரமாக வளர்வது இதுவே. மற்ற இரண்டில் ஒன்று கவாய் தீவுக்கு மட்டுமே உரியது.

பூலு என்பது பஞ்சா, முடியா? அங்குள்ள மக்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள்?

சுருண்டிருக்கும் தளிரையும் இளங்காம்பின் அடியையும் குளிரிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காக்கும் உரோமம்தான் பூலு. பட்டுப்போன்ற பளபளப்பும் பொன்னிறமும் உடையது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. பருத்தியைப் போல விதையைச் சுற்றி வளர்வதல்ல என்பதால் பஞ்சு என்பது உவமைக்கு மட்டுமே பொருந்தும்.

பழைய ஹவாய்ச் சமூகத்தில் அதற்கு இரண்டு முக்கியப் பயன்கள் இருந்தன. ஒன்று, குருதி கசியும் காயத்தின்மேல் வைத்துக் கட்டுவது. மற்றொன்று, இறந்தவரின் உடலைப் பாதுகாப்பது: உள்ளுறுப்புகளை நீக்கிவிட்டு அவ்விடத்தில் பூலுவை நிரப்பினார்கள். இந்தச் செய்தியைச் சொன்னதும் முகம் சுளிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கோ அது, தம் காட்டிலேயே கிடைத்தவற்றுள் மிக மென்மையானதைத் தம்மவரின் உடலுக்குத் தேர்ந்துகொண்ட அன்பாகவே படுகிறது. இவ்விரண்டு தேவைகளுக்கும் வேண்டிய அளவு சிறியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இலவம்பஞ்சு போல மெத்தைக்கு அடைத்து ஏற்றுமதி செய்தார்கள் என்று படித்தேன். பிறகு ஏன் நின்றுபோயிற்று?

உண்மைதான். 1851 முதல் 1884 வரை பூலு ஒரு வணிகப் பொருளாக இருந்தது. தங்க வேட்டையால் திடீரெனப் பெருத்த கலிஃபோர்னியாவில் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைபொருள் தேவைப்பட்டது. காட்டில் பறித்து, உலர்த்தி, பொதிகளாகக் கட்டிய பூலு கப்பலேறி சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்றது. வணிகம் உச்சத்தில் இருந்தபோது ஆண்டுக்குப் பல லட்சம் பவுண்டு எடை ஏற்றுமதியாயிற்று. ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குள், நாபவ் எரிமலைப்பள்ளத்துக்குச் செல்லும் நடைபாதையோரத்தில், பூலு பதப்படுத்திய இடம் ஒன்றின் கற்சுவர் எச்சங்கள் இருந்துவந்தன. எரிமலைச் சீற்றத்தைப் பொறுத்து அப்பாதை மூடப்படுவதுண்டு.

வணிகம் நின்றதற்கு முதற்காரணம் பொருளிலேயே இருந்தது. பூலுவின் இழைகள் சில ஆண்டுகளில் நொறுங்கித் தூளாகிவிடும். பருத்திக்கும் இலவுக்கும் உள்ள நீடிப்பு அதற்கு இல்லை. எனவே வாங்கியவர்கள் வேறு அடைபொருளுக்கு மாறினார்கள். பறிப்பதற்காகக் குடும்பம் குடும்பமாக ஈரக்காட்டில் போய்த் தங்கியவர்களின் ஊர்களில் சேம்பு வயல்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன என்பதும் இவ்வணிகத்தின் வரலாற்றில் சேர்ந்ததே. அம்மக்களுக்குச் சேம்பு என்பது நமக்கு நெல் போன்றது. அந்த இழப்பை எந்த ஏற்றுமதிக் கணக்கும் காட்டாது.

உரோமத்தை மட்டும் எடுத்தால் செடி சாகாதே? காட்டுக்கு இழப்பு என்பது மிகையல்லவா?

இதைக் கேட்பவர்கள் ஆட்டு மயிர் கத்தரிப்பதை மனத்தில் கொண்டு கேட்கிறார்கள். அக்காலப் பதிவுகளின்படி ஒரு செடியில் கிடைத்தது 2 அல்லது 3 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 57 முதல் 85 கிராம் வரை. அது மீண்டும் வளர ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆகும். 10 கிலோ அடைபொருள் கொண்ட ஒரு மெத்தையை எடுத்துக்கொண்டால், அதற்கு 120 முதல் 175 செடிகள் வரை வேண்டும். அந்தச் செடிகளை மறுபடி தொட 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் மெத்தை தூளாகத் தொடங்கியிருக்கும்.

மேலும் உரோமம் இருப்பது வளர்நுனியில். ஹாப்புஉவுக்கு வளர்நுனி என்பது அடிமரத்தின் உச்சி ஒன்றே. தென்னையின் குருத்தைப் போல. அங்கே கை வைக்கும்போது அடுத்து வரவேண்டிய இலைகள் சிதைகின்றன. அடிமரமோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் உயரும். ஆகவே மிகை என்று நான் கருதவில்லை. காயத்துக்கு ஒரு கைப்பிடி எடுத்தவர்களையும் கப்பலுக்கு எடுத்தவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அடிமரத்தைச் சாப்பிடலாமாமே? சவ்வரிசி மாதிரி மாவு வருமா?

உள்தண்டில் மாவுச்சத்து உண்டு. பழைய ஹவாயில் அதைப் பன்றிகளுக்குத் தீனியாக இட்டார்கள். பஞ்ச காலத்தில் மனிதர்களும் உண்டார்கள். மரத்தை வெட்டி, வேர்ப்பின்னலை நீக்கி, "இமு" எனப்படும் குழியடுப்பில் சுட்ட கற்களோடு புதைத்து வேகவைக்க வேண்டும். அது வேக முழுதாக 3 நாட்கள் ஆகும். ஹவாய் மொழியில் இதைப் பற்றி ஒரு பழமொழியே உண்டு: ஹாப்புஉ உணவானால் அது சாவின் உணவு. நஞ்சு என்பது இதன் பொருள் அல்ல. மூன்றாம் நாள் குழியைத் திறந்து பார்க்கும்போது வேகாமல் இருந்தால் மீண்டும் மூடிக் காத்திருக்க வேண்டும். அதற்குள் பசியில் யாரேனும் இறந்துபோகலாம். பஞ்சத்தை உடலால் அறிந்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடிய சொல் இது.

1920களில் இந்த மாவுச்சத்தைத் தொழில்முறையில் எடுத்துச் சமையலுக்கும் துணிக்குக் கஞ்சி போடவும் விற்றார்கள். அதுவும் நிலைக்கவில்லை. சவ்வரிசியோடு ஒப்பிடுவதில் ஓரளவு பொருத்தம் உண்டு, ஏனெனில் உண்மையான சேகோவும் ஒரு பனையின் தண்டிலிருந்து வருவதே. நம் ஊர்ச் சவ்வரிசியோ மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. மரவள்ளி ஓராண்டுக்குள் மீண்டும் விளையும். ஹாப்புஉவை வெட்டினால் அந்த உயரம் திரும்ப ஒரு மனித ஆயுட்காலத்தின் பெரும்பகுதி வேண்டும்.

அப்படியானால் சுருள்தளிரையாவது கீரை போலச் சமைக்கலாமா?

உரோமத்தை முற்றிலும் நீக்கி வேகவைத்து உண்ட வழக்கம் இருந்திருக்கிறது. ஆனால் இன்று ஹவாயின் சந்தைகளில் கட்டுக்கட்டாக விற்கப்படும் பெரணித் தளிர்கள் ஹாப்புஉ அல்ல. அவை டிப்ளாசியம் பேரினத்தைச் சேர்ந்த சிறு பெரணிகள். பெரணிகளுள் சிலவற்றில் புற்றுநோயோடு தொடர்புடைய நச்சுப்பொருள் இருப்பதால், எந்தப் பெரணியையும் இனம் அறியாமல் பறித்துச் சமைக்கக் கூடாது.

காயத்துக்குக் கட்டினார்கள் என்றால் அது மருந்துதானே? நாமும் பயன்படுத்தலாமா?

பூலு பற்றிய கேள்வியில் சொன்ன பயன் கற்பனையல்ல. நுண்ணிய உரோமத் திரள் குருதியை உறிஞ்சி, அது உறைவதற்கு இடம் தருகிறது. இதே பேரினத்தின் ஆசிய இனம் ஒன்றின் உரோமத்தை ஜாவா, சுமத்ரா பகுதிகளிலும் குருதியை நிறுத்தப் பயன்படுத்தினார்கள். கடலால் இவ்வளவு தொலைவு பிரிந்த இரு மக்கள் ஒரே பேரினத்தில் ஒரே பயனைக் கண்டது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது. அந்த ஆசிய இனத்தின் தண்டைச் சீன மருத்துவம் "நாய் முதுகெலும்பு" என்று பொருள்படும் பெயரால் அழைத்து, முதுகுவலிக்குத் தருகிறது. உரோமம் மூடிய அதே தண்டைத் தலைகீழாக நிறுத்தி நான்கு காம்புகளைக் கால்களாக விட்டால் ஆட்டுக்குட்டி போல் இருக்கும். செடியில் ஆட்டுக்குட்டி காய்க்கும் நாடு ஒன்று உண்டு என்று இடைக்கால ஐரோப்பியர் நம்பிய கதையோடு அந்த இனத்தைப் பின்னாளில் இணைத்துப் பேசினார்கள்.

இன்றைய காயத்துக்கு நுண்ணுயிர் நீக்கிய கட்டுத்துணி இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த உரோமத்தில் மண்ணும் பூஞ்சையும் கலந்திருக்கும், அதை வைக்காதீர்கள்.

ஹலேமஉமஉ எரிமலைவாய்க்கு இந்தப் பெரணியின் பெயர்தான் என்று எங்கள் வழிகாட்டி சொன்னாரே?

பெரணியின் பெயர்தான், ஆனால் இந்தப் பெரணி அல்ல. "அமஉ பெரணியின் வீடு" என்பது அப்பெயருக்குத் தரப்படும் பொருள். அமஉ என்பது சாட்லேரியா என்ற வேறு பேரினம்; ஹாப்புஉவைவிடச் சிறியது, இலை அமைப்பில் எளியது, அதன் இளந்தளிர்கள் சிவந்து தோன்றும். புதிதாக உறைந்த எரிமலைப் பாறையின் வெடிப்புகளில் முதலில் முளைப்பவற்றுள் அதுவும் ஒன்று. எரிமலைத் தெய்வமான பெலேயோடு போரிட்ட பன்றித் தெய்வம் கமபுவாவின் உருவங்களுள் ஒன்றாக அமஉவைக் கொள்வார்கள். அதன் இலைகளை மேட்டுநிலச் சேம்புக்கு மூடாக்காகப் போட்டார்கள். மரப்பட்டைத் துணிக்குச் சிவப்புச் சாயமும் எடுத்தார்கள். பெயரளவில் இரண்டையும் குழப்பினால் பயன்களும் குழம்பிவிடும்.

காட்டுப்பன்றி இதைத் தின்பதற்கும் அங்குள்ள பறவைகள் அழிவதற்கும் என்ன தொடர்பு?

இதுதான் எனக்கு மிகவும் மன வருத்தம் தரும் பகுதி. பாலினீசியர்கள் கொண்டுவந்த சிறிய பன்றிகளோடு, 1778க்குப் பிறகு கப்பல்களில் வந்த ஐரோப்பியப் பன்றிகள் கலந்து, இன்று காட்டில் பெருத்த பன்றிக்கூட்டங்கள் திரிகின்றன. மேலே சொன்ன மாவுச்சத்து அவற்றுக்கும் தெரியும். மரப்பெரணியைச் சாய்த்து, தண்டைக் கிழித்து, உள்ளிருப்பதைத் தின்றுவிட்டுத் தொட்டி போன்ற கூட்டை விட்டுச் செல்கின்றன. அதில் மழைநீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் கொசு முட்டையிடுகிறது.

ஹவாய்த் தீவுகளில் முன்பு கொசுவே இல்லை. 1826இல் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்கள் வழியாக மாவி தீவின் லஹைனாவில் அது கரையேறியதாகச் சொல்லப்படுகிறது. நம் ஊர்ச் சாக்கடைகளில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பும் அதே க்யூலெக்ஸ் கொசுதான் அது. அங்கே அது பரப்புவது பறவை மலேரியாவை. அந்நோயை ஒருபோதும் எதிர்கொண்டிராத ஹவாய்த் தேன்பறவைகளுக்கு அது கொடிய நோயாயிற்று. செந்நிற இஇவி பறவை 2017இல் அமெரிக்க அரசால் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது. குளிர்ந்த உயரங்களில் நோய்க்கிருமி கொசுவுக்குள் முதிர்வதில்லை என்பதால் பறவைகள் மேலே ஒதுங்கி வாழ்கின்றன. வெப்பம் உயர உயர அந்த ஒதுங்கிடமும் சுருங்குகிறது. வேலியிட்டுப் பன்றிகளை வெளியேற்றிய காடுகளில் ஹாப்புஉவின் அடுக்கு மீண்டும் தழைக்கிறது.

இழப்பு பறவைகளோடு நிற்பதில்லை. ஓஹியா மரத்தின் நுண்விதைகள் பல ஹாப்புஉவின் ஈரமான வேர்ப்பின்னலில்தான் முளைக்கின்றன. கன்று தன் வேர்களை அடிமரத்தின் வழியே மண்ணுக்கு இறக்குகிறது. பின்னாளில் பெரணி மட்கிவிட, ஊன்றுகோல்கள் மேல் நிற்பதுபோல் வேர்க்கால்களில் ஓஹியா நிற்கும். அத்தகைய மரத்தின் நடுவே உள்ள வெற்றிடம் ஒரு ஹாப்புஉ நின்ற இடம்.

ஆர்க்கிட் வளர்க்க இதன் கட்டையை விற்கிறார்களே, வாங்கலாமா?

முதல் கேள்வியில் சொன்ன வேர்ப்பின்னலைத்தான் துண்டுகளாக அறுத்து விற்கிறார்கள். நீரைப் பிடித்துவைக்கும், காற்றோட்டமும் இருக்கும். தொற்றுத்தாவரங்களுக்கு மிகவும் ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கட்டைக்குப் பின்னால் பல பத்தாண்டு வளர்ச்சி இருக்கிறது. தேங்காய் மட்டையும் நாரும் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் இருந்துகொண்டு அதை வாங்குவதற்கு எந்தத் தேவையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஹவாயில் வசிக்கும் உறவினர் நர்சரியில் வாங்கி நட்ட மரப்பெரணி மளமளவென்று வளர்கிறதாம். ஹாப்புஉ மெதுவாக வளரும் என்றீர்களே?

அவர் நட்டது பெரும்பாலும் ஆஸ்திரேலிய மரப்பெரணியாக இருக்கும். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அது காற்றில் வித்துகளைப் பரப்பி, தோட்டத்தைத் தாண்டிக் காடுகளுக்குள் புகுந்து, இயல்தாவரங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாம் கேள்வியின் திறவுகோலை இங்கே பயன்படுத்துங்கள்: காம்பின் அடியில் வெளிறிய செதில்கள் இருந்தால், உதிர்ந்த இலைகள் அடிமரத்தில் வட்டத் தழும்புகளை விட்டிருந்தால், அது ஆஸ்திரேலியப் பெரணி. பொன்னிற உரோமமோ முரட்டு மயிரோ இருந்தால் ஹாப்புஉ. முன்னதை அகற்றிவிட்டு, வித்திலிருந்து வளர்த்த ஹாப்புஉ கன்றை நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் நடச் சொல்லுங்கள்.

காட்டுக்குள் தானே விழுந்துகிடந்த மரத்திலிருந்து நினைவுக்காகக் கொஞ்சம் பூலு எடுத்துவந்தேன். செத்த மரம்தானே, அதில் என்ன தவறு?

தேசியப் பூங்காவுக்குள் என்றால் இப்படி மரப்பெரணியின் பகுதியை எடுப்பது சட்டப்படி தவறு. செத்தது, உதிர்ந்தது என்ற வேறுபாடு அங்கே இல்லை. அதைவிட முக்கியமானது, அது செத்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதே. சாய்ந்த ஹாப்புஉவின் வளர்நுனி சிதையாமல் இருந்தால், அது படுத்த நிலையிலிருந்தே மேல்நோக்கி வளைந்து வளரத் தொடங்கும். அடிமரம் மண்ணைத் தொட்ட இடங்களில் புதிய வேர் விடும். சிலவற்றில் பக்கத்திலிருந்தும் குருத்து கிளம்பும். வெட்டி வேலியாக நட்ட கட்டைகள்கூடத் துளிர்ப்பதுண்டு. நீங்கள் உரோமம் எடுத்த இடத்தில் தளிர் சுருண்டிருந்தது என்றால், அந்த மரம் எழுந்துகொண்டிருந்தது.